மூன்று வீட்டில் இருந்த மண்வெட்டி

கடல் இப்போது இருப்பதைவிட இன்னும் கொஞ்சம் கரைக்குக் கிட்டத்தில் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் கழிமுக நாடு என்று ஒரு நாடு இருந்தது. சின்ன நாடுதான். காலையில் ஒரு கோடியில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் மறு கோடிக்குப் போய்விடலாம். அதற்கும் ஒரு ராஜா இருந்தார். அவர் பேர் சேந்தன்.

சேந்தன் ராஜா நல்லவர். இதை முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். கெட்ட ராஜா கெட்டது செய்த கதை ஆயிரம் இருக்கிறது. இது அப்படிப்பட்ட கதை இல்லை. இவர் விடிந்ததும் குளித்து, கடலம்மன் சந்நிதியில் விழுந்து கும்பிடுகிறவரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடமாட்டார். ஏழை வந்து நின்றால் எழுந்து நின்று பேசுவார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே மகள், வஞ்சிக்கொடி. தாயில்லாக் குறை தெரியாமல் அவளை வளர்த்து, தெற்கே ஒரு துறைமுகப் பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்.

அந்த நாட்டு ஆறு நேராகப் போய்க் கடலில் விழாது. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயில் மேடு போட்டு அடைத்துவிடும். அந்த மணல்மேட்டுக்குப் பொழி என்று பேர். பொழி அடைத்ததும் ஆற்றுத் தண்ணீர் பின்னால் தேங்கி, பெரிய காயலாகப் பரந்து நிற்கும். மழைக்காலம் வந்து காயல் நிறைந்ததும் பொழியை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் தண்ணீர் கடலுக்குப் போகும்.

எப்போது வெட்டுவது? அதில்தான் சண்டை.

காயலின் வடகரையில் உழவர்கள் இருந்தார்கள். வயலில் தண்ணீர் ஏறுகிறது, சீக்கிரம் வெட்டு என்பார்கள். மணல்மேட்டில் மீனவர்கள் இருந்தார்கள். இறால் இன்னும் பருக்கவில்லை, மெதுவாக வெட்டு என்பார்கள். தென்கரையில் உப்பளத்துக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சீக்கிரமும் இல்லை, மெதுவும் இல்லை. காயல் நிறையட்டும், அமாவாசையும் பௌர்ணமியும் கழியட்டும், அப்புறம் வெட்டு என்பார்கள். ஏனென்றால் அந்த நாட்களில் கடல் ஏறும். காயல் நிறையாத சமயம் பார்த்து, கடல் ஏறுகிற நாளில் பொழியை வெட்டினால், காயல் கடலுக்குப் போகாது. கடல்தான் காயலுக்குள் வரும்.

இதற்காக அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பொழியில் முதல் வெட்டு வெட்ட ஒரே ஒரு மண்வெட்டிதான். அந்த முதல் வெட்டு விழாமல் வேறு யாரும் மண்ணில் கை வைக்கமாட்டார்கள். அந்த மண்வெட்டியின் இரும்பு உழவர் தலைவர் வீட்டில் இருக்கும். காம்பு மீனவர் தலைவர் வீட்டில் இருக்கும். காம்பை இரும்போடு இறுக்குகிற ஆப்பு உப்பளத்துத் தலைவி வீட்டில் இருக்கும். மூன்று பேரும் சம்மதித்துக் கொண்டுவந்தால்தான் மண்வெட்டி மண்வெட்டியாகும். ராஜாவுக்கு அதில் ஒரு துண்டுகூடக் கிடையாது. மூன்று பேரையும் கூட்டிவைத்துப் பேசவைப்பதும், பூட்டிய மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டு வெட்டுவதும்தான் அவர் வேலை.

யார் இப்படி ஏற்படுத்தினார்கள், எதற்கு ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. மூன்று பேரும் கூடினார்கள். முதல் நாள் பேசினார்கள், முடியவில்லை. இரண்டாம் நாள் பேசினார்கள், முடியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மீனவர் தலைவர் சங்கையா மனசில்லாமல் காம்பைக் கொடுத்தார். அதற்குள் வடகரையில் நாற்பது வயல் அழுகிப்போய்விட்டது.

உழவர் தலைவர் மருதப்பனுக்கு வயிறு எரிந்தது. மறுநாள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அரண்மனைக்கு வந்தார்.

"ராசா, இந்த மூணு வீட்டு மண்வெட்டி இனிமே வேண்டாம். இரும்பு ஒரு வீடு, காம்பு ஒரு வீடு, ஆப்பு ஒரு வீடு! வீட்டுக்கு வீடு நடந்தே என் காலு தேஞ்சுபோச்சு. இந்தாங்க இரும்பு. நீங்களே வச்சுக்கிடுங்க. எப்ப வெட்டணுமோ நீங்களே பார்த்து வெட்டுங்க."

சங்கையா அதிகம் பேசாதவர். தன்னால்தான் நாற்பது வயல் போயிற்று என்ற வருத்தம் வேறு. "நம்ம ராசா தப்பு செய்யமாட்டாரு" என்று மட்டும் சொல்லிக் காம்பை வைத்தார்.

உப்பளத்துத் தலைவி காத்தாயி மட்டும் ஆப்பை முந்தானையில் முடிந்தபடி நின்றாள். வெயிலில் கறுத்து மெலிந்த பெண்பிள்ளை. புருஷன் இல்லை. அவளும் மகனும்தான்.

"என்ன காத்தாயி, ஒரு சாண் கட்டை. அதைக் குடுக்கத்தான் இவ்வளவு யோசனையா? ராசா மேல நம்பிக்கை இல்லையோ?" என்றார் மருதப்பன்.

"ராசா மேல எனக்கு என்ன குறை அண்ணே? அவரு தெய்வம் மாதிரி."

"அப்புறம் என்ன?"

"தெய்வத்துக்குப் பெண்டு பிள்ளை உண்டுன்னாலும் அதுக்கு வயித்துவலி வராது, தூக்கம் கெடாது. ராசாவுக்கு வருமில்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தார். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது ஒருத்தி எவ்வளவு நேரம் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? காத்தாயியும் முடிச்சை அவிழ்த்தாள். அன்றைக்கே மண்வெட்டியைப் பூட்டி, ஆப்பை அடித்து இறுக்கி, ராஜாவின் கையில் கொடுத்தார்கள்.

வாங்கும்போது சேந்தன் ராஜாவின் கண் கலங்கிவிட்டது. கடலம்மன் முன்னால் அதை வைத்து, "தாயே, இது என் பிள்ளைகள் என்னை நம்பிக் கொடுத்தது. ஒருத்தர் வயிறும் என்னால் வாடக்கூடாது" என்று வேண்டிக்கொண்டார். மனசாரத்தான் வேண்டிக்கொண்டார்.

முதல் வருஷம் மழை வந்தது. ராஜா பழைய பழக்கம் மாறாமல் மூன்று கரைக்கும் தானே நடந்தார். மருதப்பனோடு வரப்பில் நின்றார். சங்கையா வீட்டில் கஞ்சி குடித்தார். காத்தாயியிடம் கடல் ஏறுகிற நாளைக் கேட்டார். சரியான நாளில் வெட்டினார். ஒரு வயல் அழுகவில்லை, ஒரு குவியல் உப்பு கரையவில்லை. ஊரே கொண்டாடியது.

இரண்டாம் வருஷம் மழை வந்தது. ராஜாவுக்குக் கால்வலி. ஆளை அனுப்பி மூன்று கரையிலும் கேட்டுவரச் சொன்னார். ஆளும் போய்விட்டு வந்து ஏதோ சொன்னான். வெட்டினார். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பெரிய சேதம் இல்லை. ஊர் மறுபடியும் கொண்டாடியது.

மூன்றாம் வருஷம் அவர் போகவும் இல்லை, ஆள் அனுப்பவும் இல்லை. அரண்மனை மேல்மாடத்தில் நின்றால் காயல் முழுக்கத் தெரியுமே, எதற்குப் போய் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருப்பது?

அந்த வருஷம்தான் வஞ்சிக்கொடி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். கடல் வழியாகத் தோணியில் வந்தாள். தோணிக்காரன் முன்கூட்டியே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். "அமாவாசை அன்னிக்குக் கடல் நல்லா ஏறும். அப்பப் பொழி திறந்திருந்தா, தோணி நேரே அரண்மனைப் படித்துறைக்கே வந்திரும். இல்லேன்னா தெற்கே இறக்கிவிட்டுப் பல்லக்குலதான் தூக்கி வரணும். ஒரு பகல் நேரம் ஆகும்."

ராஜா காயலைப் பார்த்தார். முக்கால்கூட நிறையவில்லை. அமாவாசைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

'கூடாது' என்றுதான் முதலில் அவர் மனசு சொன்னது. நல்ல மனசு இல்லையா? அது சரியாகத்தான் சொன்னது.

ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி. தாய் இல்லாத பெண். சேற்றுப் பாதையில் ஒரு பகல் முழுக்கப் பல்லக்கில் குலுங்கிக்கொண்டு வரவேண்டுமா?

சாப்பிட உட்கார்ந்தார். 'எப்படியும் இந்த மாதம் வெட்டத்தானே வேண்டும், பத்து நாள் முன்னால் வெட்டினால் என்ன?' என்று தோன்றியது. கை கழுவும்போது, 'சீக்கிரம் வெட்டினால் உழவர்களுக்கு நல்லதுதானே' என்று தோன்றியது. மறுநாள் காலையில் கோயிலுக்குப் போகும்போது, 'இந்த வருஷம் மழை திடீரென்று பிடித்துக்கொண்டால்? முன்னாடியே வெட்டிவைப்பதுதான் ஊருக்குப் பாதுகாப்பு' என்று நிச்சயமே செய்துவிட்டார். பாருங்கள், மகளுக்காக என்று ஆரம்பித்தது ஊருக்காக என்று முடிந்துவிட்டது. அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தன்னைத்தான் ஏமாற்றிக்கொண்டார். அதற்கு ஒரு ராத்திரி ஒரு பகல் போதுமாக இருந்தது.

பழைய வழக்கம் இருந்திருந்தால் காத்தாயி வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார். அவள் "அமாவாசையிலா? என்ன ராசா பேசுறீங்க?" என்று கேட்டிருப்பாள். அந்த ஒரு கேள்வியிலேயே அவருக்குத் தெளிந்திருக்கும். இப்போது கேட்க யாரும் இல்லை. மண்வெட்டி கைக்கெட்டுகிற தூரத்தில் சுவரில் சாய்ந்து நின்றது.

அமாவாசைக் காலையில் ராஜா முதல் வெட்டு வெட்டினார். அவர் வெட்டினால் காரணம் இருக்கும் என்று நாற்பது பேர் பின்னாலேயே வெட்டினார்கள்.

தோணி வந்தது. படித்துறையில் மேளம் முழங்கியது. ஆரத்தி எடுத்தார்கள். வஞ்சிக்கொடி இறங்கி, "அப்பா, குலுங்காம தொட்டில்ல வந்த மாதிரி வந்தேன்" என்று சிரித்தாள். ராஜாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அவளைக் கைப்பிடித்து ஏற்றும்போதே படித்துறையில் ஒரு படி முழுகியிருந்தது. மகள் உள்ளே போனபோது இரண்டாவது படி முழுகியது. மேளக்காரர்கள் போனபோது மூன்றாவது படியும் முழுகியது. ராஜா குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது.

கடல் இரண்டு நாள் காயலுக்குள் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தன் வேலையைச் செய்துவிட்டுப் போயிற்று. தென்கரையில் கோடை முழுக்க வாரிக் குவித்துப் பனையோலை போட்டு மூடியிருந்த உப்பெல்லாம் கரைந்தது. வெறும் ஓலைதான் மிச்சம். இறால் குஞ்செல்லாம் கடலோடு போயிற்று. வடகரையில், பால் பிடிக்கிற பருவத்துப் பயிர் உப்புத் தண்ணீரில் நின்று, நாலே நாளில் செம்பட்டை பாய்ந்து சாய்ந்தது.

ஐந்தாம் நாள் ஊர் ஜனம் அரண்மனைக்கு வந்தது. ராஜா பயந்துகொண்டே வெளியே வந்தார். திட்டுவார்கள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தார்.

அவர்கள் அவருக்கு ஆறுதல் சொல்ல வந்திருந்தார்கள்.

"மனசை விட்டிராதீங்க ராசா" என்றார் மருதப்பன். அவர் வயல் முழுக்கப் போயிருந்தது. "கடல் பொல்லாதது. நீங்க என்ன செய்வீங்க? ஏதோ பெரிய ஆபத்தைக் கண்டுதான் முன்னாடியே வெட்டியிருப்பீங்க. வெட்டாம விட்டிருந்தா இதைவிட மோசமாப் போயிருக்கும்."

"ராசா தப்பு செய்யமாட்டாரு" என்றார் சங்கையா.

ஒவ்வொரு வார்த்தையும் ராஜாவை ஊசியாகக் குத்தியது. அவர் கண் கூட்டத்தில் காத்தாயியைத் தேடியது. அவள் ஓரமாக நின்றாள்.

"நீ ஒண்ணும் சொல்லலையே, காத்தாயி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அழுகை எல்லாம் வற்றிப்போன முகம். "சொல்லுறதுக்கு எங்கிட்ட என்ன ராசா இருக்கு? இருந்த ஒரு சாண் கட்டையையும் உங்ககிட்டக் குடுத்துட்டேனே."

ராஜா நேரே கோயிலுக்குப் போனார். கடலம்மன் முன்னால் நின்றார். கும்பிடக் கை எடுத்தார். கை கூடவில்லை.

நாமும் கும்பிடுகிறவர்கள்தான். கண்ணை மூடினால் முதலில் என்ன வருகிறது? என் பிள்ளை நல்லா இருக்கணும் என்பதுதானே? அப்புறம்தான் ஊர் நல்லா இருக்கணும், உலகம் நல்லா இருக்கணும் என்று வரும். அம்மன் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டாள். பெற்ற மனசு அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த மனசின் கையில் ஊரார் பொழியைக் கொடுத்திருந்தார்கள். அதுதான் ராஜாவுக்கு அன்றைக்கு விளங்கியது.

அவர் வெளியே வந்து கோயில் வாசலிலேயே எல்லாரையும் கூட்டினார். "நான் ஆபத்து எதையும் காணலை. என் மகள் பல்லக்குல குலுங்கக்கூடாதுன்னு வெட்டினேன்" என்றார்.

பின்னால் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். மருதப்பன் பட்டென்று ராஜாவின் காலில் விழுந்தார்.

"இப்படி ஒத்துக்கிட எந்த ராசாவுக்கு மனசு வரும்? அரண்மனைச் சேவகன்கூட ஒத்துக்கிடமாட்டான். இனிமே உங்ககிட்டத் தப்பே வராது. மண்வெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும்!"

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றது கூட்டம்.

இப்படி ஒரு ஜனத்தை என்ன செய்வது? வயல் போனாலும் அவர்களுக்கு ராஜாவின் நல்ல மனசுதான் பெரிசாகத் தெரிந்தது. ராஜா யோசித்தார். அப்புறம் மருதப்பனைத் தூக்கி நிறுத்திக் கேட்டார்.

"மருதப்பா, உன் மூத்த மகள் கோமளம் மாசமா இருந்து, அந்தத் தோணியில வந்திருந்தா, மண்வெட்டி உன் கையில இருந்தா, நீ என்ன செஞ்சிருப்பே? அம்மன் வாசல்ல நிக்கிறே. உள்ளதைச் சொல்லு."

மருதப்பன் தலையைச் சொறிந்தார். "அவளா... அவ சின்னதுக்கே அழுவா ராசா..." என்று இழுத்தார். பிறகு மெதுவாக, "வெட்டியிருப்பேன்" என்றார்.

"சங்கையா, நீ?"

"நான் ரெண்டு நாள் முன்னாடியே வெட்டியிருப்பேன்" என்றார் சங்கையா. அவ்வளவு துக்கத்திலும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

"காத்தாயி?"

காத்தாயி பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தாள். வயசுக்கு வந்த ஆண்பிள்ளை, தாயைவிட ஒரு தலை உயரம்.

"இவனுக்காக நான் என்னென்ன செய்வேன்னு நினைச்சா எனக்கே பயமா இருக்கு ராசா. ஆப்பு மட்டும் எங்கிட்ட இருந்தவரைக்கும் நான் நல்லவ. முழு மண்வெட்டியும் எங்கிட்ட இருந்திருந்தா, என்னையும் நம்பியிருக்கக்கூடாது."

"இதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் ராஜா. "நான் இப்ப வருத்தப்படுறேன், நெசந்தான். ஆனா நாளைக்குப் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அப்ப எனக்கு இதைவிட நல்ல காரணமாக் கிடைக்கும். எனக்கு முன்ன ஆண்டவங்க கெட்டவங்களா இருந்ததால மண்வெட்டியை மூணு வீட்டுல வைக்கலை. அவங்களும் மனுஷங்களா இருந்ததாலதான் வச்சாங்க. எடுத்துக்கிட்டுப் போங்க."

மண்வெட்டியைக் கொண்டுவந்தார்கள். ராஜா ஆப்பைத் தட்டினார். வரவில்லை. மூன்று வருஷம் ஒன்றாகவே இருந்து, உப்புத் தண்ணீரில் ஊறி, ஆப்பும் காம்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டுவிட்டன. மருதப்பன் கல்லை வைத்து அடித்தார். வரவில்லை. சங்கையா தன் பலமெல்லாம் சேர்த்து ஓங்கி அடித்தார். மடாரென்று காம்பு விரிசல் விட்டு இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகுதான் ஆப்பு கழன்று விழுந்தது.

பிரித்துக் கொடுத்ததைச் சேர்ப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. சேர்ந்ததைப் பிரிக்கத்தான் அவ்வளவு பாடு.

சங்கையா புன்னை மரத்தில் புதுக் காம்பு செதுக்கித் தன் வீட்டுப் பரணில் செருகினார். ராஜா அரண்மனை நெற்களஞ்சியத்தைத் திறந்து, அடுத்த விளைச்சல் வரை மூன்று கரைக்கும் நெல் அளந்தார். அது இரக்கம் இல்லை, தான் அழித்ததற்கு ஈடு என்று சொல்லித்தான் அளந்தார்.

மறுவருஷம் மழை வந்தது. மூன்று பேரும் கூடினார்கள். ஒரே கூச்சல். மருதப்பன் இரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு "இன்னும் ரெண்டு நாள் போனா என் பயிரு மீனுக்குத்தான் ஆகும்" என்று கத்தினார். சங்கையா வாயைத் திறக்காமலே தலையை மட்டும் ஆட்டினார். காத்தாயி விரல் விட்டு அமாவாசையை எண்ணினாள். ராஜா மழையில் நனைந்துகொண்டு வடகரைக்கும் மணல்மேட்டுக்கும் தென்கரைக்கும் நடையாக நடந்தார். கால்வலியோடுதான் நடந்தார். சமாதானம் ஆவதற்குள் நாலு வயல் போயிற்று. போகத்தான் செய்யும். நாற்பது போகவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் வஞ்சிக்கொடி கைக்குழந்தையோடு மறுபடி வந்தாள். பொழி அடைத்திருந்தது. தோணி தெற்கே இறக்கிவிட்டுப் போய்விட்டது. சேற்றுப் பாதையில் ஒரு பகல் முழுக்கப் பல்லக்கில் குலுங்கி, குழந்தை வீறிட்டு அழ, தலை கலைந்து வந்து இறங்கினாள்.

"இடுப்பே ஒடிஞ்சுபோச்சுப்பா" என்று கோபித்துக்கொண்டாள். "நீங்க இந்த நாட்டுக்கு ராசாதானே? ஒரு வார்த்தை சொன்னா அவங்க வெட்டமாட்டாங்களா?"

சேந்தன் ராஜா பேரனைக் கையில் வாங்கிக்கொண்டார். அது அழுகையை நிறுத்திவிட்டு அவர் மீசையைப் பிடித்து இழுத்தது.

"வெட்டிருவாங்க தாயி" என்றார். "அதனாலதான் சொல்லலை."

எவ்வளவு நல்லவர் கையில் இருந்தாலும் அதிகாரத்துக்கு ஓர் எல்லை வேண்டும், ஏனென்றால் அந்த நல்லவரும் நம்மைப் போல மனுஷர்தான்.